முகாமுக்கு வராதவர்கள்

குடியிருப்போர் நலச்சங்கங்களில் இருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "மேடம், வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க நகர்ல மெடிக்கல் கேம்ப் வைக்கிறோம். ரெண்டு டாக்டர், ஒரு நர்ஸ் அனுப்ப முடியுமா?" மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கோரிக்கை. நானும் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். பூங்காவில் ஷாமியானா போடுவார்கள், பிளாஸ்டிக் சேர் வரும், வார்டு கவுன்சிலர் வருவார், பொன்னாடை போர்த்துவார்கள். பிபி, சுகர், கண் பரிசோதனை எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

வந்தவர்கள் யார் என்று கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். முகாம் வரைக்கும் நடந்து வர முடிந்தவர்கள்தான் வந்திருப்பார்கள். அவர்களில் நிறையப் பேருக்குத் தங்களுக்கு சுகர் இருப்பது ஏற்கெனவே தெரியும். வீட்டு மிஷினும் முகாம் மிஷினும் ஒரே அளவைக் காட்டுகிறதா என்று பார்க்க வருகிறவர்களும் உண்டு. அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தெருவில் உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் அன்றைக்கு அங்கே இருப்பதில்லை.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மனிதர் வருவதில்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு வர முடியாததால் அவர் மனைவியும் வருவதில்லை. மைக் சத்தத்தைத் தாங்க முடியாத ஆட்டிசம் குழந்தையின் அம்மா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிறு காலையில்தான் வேலை அதிகம். கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்குத் தமிழில் அடித்த நோட்டீஸ் புரியாது, அவரிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் வயதானவர்கள் கதை வேறு. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர்களே வராமல் இருந்துவிடுவார்கள்.

இவர்களைக் கண்டுபிடிக்க வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பிப் பயனில்லை. தண்ணீர் கேன் போடுகிறவருக்கு எந்த வீட்டில் கதவு திறக்க ரொம்ப நேரம் ஆகிறது என்று தெரியும். அயர்ன்காரருக்கு எந்த வீட்டில் இருந்து திடீரென்று துணி வருவது நின்றது என்று தெரியும். மருந்துக் கடைக்காரர், வாட்ச்மேன், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் பெண்கள், எல்லாரும் சேர்ந்தால் சங்கத்தின் பதிவேட்டைவிட நல்ல பதிவேடு அது. சங்கத்தில் இரண்டு பேர் ஒரு மாலை இவர்களோடு பேசிவிட்டு வந்தால் போதும், பத்து வீடாவது தெரியவரும்.

தெரிந்த பிறகு ஒரு எச்சரிக்கை. தனியாக வசிக்கும் முதியவர்களின் பெயரையும் கதவு எண்ணையும் குரூப்பில் போடாதீர்கள். ஒரு பகுதியில் நல்லெண்ணத்தோடுதான் அப்படிப் போட்டார்கள். அந்த குரூப்பில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் யாரென்று அட்மினுக்கே தெரியாது. பட்டியல் நோட்டில் இருக்கட்டும், இரண்டு மூன்று பேர் கையில் மட்டும் இருக்கட்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்? இங்கேதான் பல சங்கங்கள் மலைத்துப்போகின்றன. நிதி திரட்ட வேண்டுமே, ஆம்புலன்ஸ் வாங்க வேண்டுமே என்று பேச்சு பெரிதாகிவிடும். அதெல்லாம் வேண்டியதில்லை. இருக்கும் சேவையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடிய முதல் உதவி. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சை செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார்கள். திட்டத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'அது கிராமத்துக்கு' என்றும் 'ரொம்ப ஏழைகளுக்கு' என்றும் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் தாமாகவே முடிவு செய்துகொள்கின்றன. படுக்கைப்புண் ஆழமாகிப்போன பிறகு எங்கள் வார்டுக்கு வரும் பலர், வீட்டில் ஒரு செவிலியர் சரியான நேரத்தில் வந்து புரட்டிப் படுக்க வைக்கும் முறையைக் காட்டியிருந்தால் வந்திருக்கவே மாட்டார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் நேரில் போய், பொறுப்பு மருத்துவரையும் உங்கள் தெருவுக்கான சுகாதாரத் தன்னார்வலரையும் பார்த்துப் பேசிவிட்டு வந்தால், முகாம் நடத்தும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

போன் எண்களும் அப்படித்தான். 108 எல்லாருக்கும் தெரிகிறது. முதியோருக்கென்று 14567 இருக்கிறது, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுக்கிறார்கள். மனநல ஆலோசனைக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் அடித்து ஒவ்வொரு வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டச் சொல்லுங்கள். பிளெக்ஸில் தலைவர், செயலாளர், பொருளாளர் படங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் போட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. 1930-க்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். பணம் போனது தெரிந்தவுடனே கூப்பிட வேண்டும். பிள்ளைகள் திட்டுவார்களோ என்று வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைக்கும் பெரியவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

குடும்பத் தகராறு உள்ள வீடுகளில் தன்னார்வலர்கள் பஞ்சாயத்து செய்யப் போக வேண்டாம். மகனைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வது அன்றைக்குத் திருப்தியாக இருக்கும், கதவைச் சாத்திய பிறகு அதன் பலனை அனுபவிப்பது அந்த அம்மாதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கிறது. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கவும் 23-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. இந்தத் தகவலைச் சொல்லி, அவர் விரும்பினால் மனு எழுதக் கூட இருக்கலாம். அதோடு நம் வேலை முடிந்தது.

பணமோ பொருளோ இல்லாமல் ஒரு தெரு கொடுக்கக்கூடிய பெரிய உதவி எது என்று கேட்டால், இரண்டு மணி நேரம் என்றுதான் சொல்வேன். நோயாளிக்கு அல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு. மறதி நோய் வந்த மாமியாரை, படுத்த படுக்கையான கணவரை, வளர்ந்த பிறகும் அம்மா ஊட்டினால்தான் சாப்பிடும் மகனை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் முதலில் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் சொல்வார்கள். பேங்குக்குப் போக வேண்டும், நகை வட்டி கட்ட வேண்டும், பல் வலி, டாக்டரிடம் போக வேண்டும். ஒருவர் தூங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். தெரிந்த முகம் ஒன்று வாரத்துக்கு ஒரு முறை வந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடக்கும்.

கேரளத்தில் மலப்புரம், கோழிக்கோடு பகுதிகளில் இதைத்தான் ஊர் ஊராகச் செய்து காட்டினார்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி தணிப்பு சிகிச்சை, பத்து ஆண்டுகளுக்குள் மருத்துவமனையை விட்டு வெளியே வந்து அக்கம்பக்கத்து மக்களின் கைக்குப் போனது. வாரம் 2 மணி நேரம் கொடுக்க முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தன்னார்வலர்களாக்கினார்கள். டாக்டரும் நர்ஸும் அவர்களுக்குப் பின்னால் இருந்தார்கள். 2008-இல் அந்த மாநில அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. அங்கே படிப்பறிவு அதிகம், அமைப்புகள் பலம், அதனால் நடந்தது, இங்கே நடக்காது என்று சிலர் சொல்வார்கள். மார்கழியில் விடிவதற்கு முன்னால் எழுந்து பஜனைக்கும், திருவிழாவில் அன்னதானத்துக்கும், சொந்தக்காரர்கூட இல்லாதவர் வீட்டுச் சாவுக்கும் முன்வந்து நிற்கிற ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கூப்பிடும் விதத்தில்தான் கோளாறு. 'சமூக சேவைக்கு வாருங்கள்' என்றால் யாரும் வர மாட்டார்கள். 'செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் பத்தாம் நம்பர் வீட்டுத் தாத்தாகூட இருக்க முடியுமா?' என்று கேட்டால் வருவார்கள்.

வருகிறவர்களுக்குச் சில கறாரான விதிகள் வேண்டும். முதல் சில முறை இருவராகப் போக வேண்டும். ஏடிஎம் கார்டு, பின் நம்பர், பாஸ்புக் எதையும் கையில் வாங்கக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். பேங்குக்குக் கூடப் போகலாம், பணத்தை அவரே எடுக்கட்டும். மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ சொல்லக் கூடாது, நாட்டு மருந்து சிபாரிசும் வேண்டாம். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஒரு வருடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது மாதம் காணாமல் போவதைவிட, மாதத்துக்கு ஒரு நாள் என்று சொல்லி அந்த நாளில் வருவது மேல். தனியாக இருக்கும் ஒருவர் அந்தச் செவ்வாய்க்கிழமைக்காகக் காலையிலேயே முகம் கழுவிக் காத்திருப்பார்.

இன்னொரு விதி, இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு: போட்டோ வேண்டாம். அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நாலு பேர் சிரிக்க, மறுபக்கம் வாங்குகிறவர் தலை குனிந்து நிற்கும் படத்தைப் பார்த்த பிறகு அந்தத் தெருவில் அடுத்த வீடு உதவி கேட்காது. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட ரசீது போதும்.

இரத்த தான முகாமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கங்கள் நன்றாகச் செய்கிற வேலை அது. ஆனால் தேதியைத் தேர்ந்தெடுப்பதில் யோசனை வேண்டும். சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் சேமித்து வைக்க முடியும், தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். எல்லாரும் ஒரே தலைவர் பிறந்தநாளில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டால், கல்லூரிகள் மூடிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இரத்த வங்கி திண்டாடும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். அரசு இரத்த வங்கியிடம் "உங்களுக்கு எப்போது தட்டுப்பாடு?" என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

சென்னைக்காரர்களுக்கும் கடலோர மாவட்டங்களில் இருப்பவர்களுக்கும் மழைக்காலப் பட்டியல் தனியாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் இறங்கி வேலை செய்தார்கள். அவர்களுக்கு இல்லாமல் போனது ஒரு பட்டியல்தான். எந்தத் தரைத்தள வீட்டில் படுத்த படுக்கையான ஆள் இருக்கிறார், யார் வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது, யாருக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ், யார் வீட்டு ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது. கரண்ட் போனால் இவர்களிடம் முதலில் போக வேண்டும். இதை செப்டம்பரிலேயே எழுதிவிடலாம். பழைய துணி சேகரிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரமாகக் கொட்டிக் கிடந்த துணிக் குவியல்கள் யாருக்கும் உதவவில்லை, அதை அகற்றுவது இன்னொரு வேலையாகிவிட்டது. புதுப் பாய், போர்வை, உள்ளாடை, நாப்கின், பெரியவர்களுக்கான டயப்பர் கொடுக்கலாம்.

கடைசியாக, சங்கத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பது. பல சங்கங்களில் வீட்டு உரிமையாளர் மட்டுமே உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் பொங்கல் கோலப்போட்டிக்குப் பணம் கட்டலாம், கூட்டத்தில் பேச முடியாது. தெருவில் பாதி வீடுகள் வாடகைக்கு விடப்பட்டிருக்கும்போது இது சரிப்படாது. துணை விதியை மாற்ற நேரம் ஆகும் என்றால், குறைந்தபட்சம் உதவிக் குழுவில் வாடகைக்காரர் ஒருவர், வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவர் இருக்கட்டும். பகுதி சபைக் கூட்டத்துக்கும் அவர்களைக் கூட்டிப் போங்கள். கிராமசபை போல நகரத்து வார்டுகளுக்காக வந்த ஏற்பாடு அது. நடைபாதைச் சாய்தளமோ, நகர்ப்புற சுகாதார நிலையத்தில் மாலை நேர மருத்துவரோ, பஸ் நிறுத்தத்தில் உட்கார இருக்கையோ கேட்க வேண்டிய இடம். கேட்டதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி நகலை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்த கூட்டத்தில் அதே கதையை முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.