கால்பந்து மேனேஜரை ‘மேலாளர்’ ஆக்காதீர்கள்

2026 ஜனவரி 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட், தன் தலைமைப் பயிற்சியாளர் ரூபன் அமோரிமை வீட்டுக்கு அனுப்பியது. முந்தைய நாள்தான் லீட்ஸ் அணியோடு 1-1 என்று சமன் செய்துவிட்டுப் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்த அமோரிம், தான் இந்தக் கிளப்புக்கு வந்தது மேனேஜராக இருக்கத்தான், கோச்சாக இருக்க அல்ல என்று வெடித்திருந்தார். அந்த வாக்கியத்தை நான் படித்த தமிழ்ச் செய்தி ஒன்று, “நான் மேலாளராக இருக்கவே வந்தேன், பயிற்சியாளராக அல்ல” என்று போட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் ஆதாரம் உண்டு. ஆனால் அந்த மனிதர் எதற்காகக் கோபப்பட்டார், எதனால் வேலை போனது என்பது இந்தத் தமிழில் துளியும் வரவில்லை.

அன்று சாயங்காலம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். பயிற்சி முடித்து வந்த பையன்கள் நாலைந்து பேர், பாதிப் பேர் சிவப்பு ஜெர்சி. “கோச்சைத் தூக்கிட்டாய்ங்கடா” என்றான் ஒருவன். “நல்ல ஆளா வாங்கிக் குடுக்காம அவரு மட்டும் என்ன பண்ணுவாரு? மொதல்ல ஓனரைத் தூக்கணும்” என்றான் இன்னொருவன். மூன்றாமவன் செல்போனில் இருந்த தலைப்பைச் சத்தமாகப் படித்தான்: “யுனைடெட் மேலாளர் பணிநீக்கம்.” பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நிமிர்ந்து பார்த்து, “என்ன தம்பி, கையாடலா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ‘மேலாளர்’, ‘பணிநீக்கம்’ என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் தமிழ் தெரிந்தவருக்கு அதுதான் தோன்றும். மற்றபடி, அந்தப் பையன்கள் பேசிய எதிலும் மேலாளர் என்ற சொல்லே வரவில்லை. அது செய்தியில் மட்டும் வாழும் சொல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. அதிலிருந்து இத்தாலிய மொழியில் குதிரையைப் பழக்குவதற்கும் கையாளுவதற்கும் ஒரு வினைச்சொல் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நம்முடைய ‘கையாளு’வும் கை என்பதிலிருந்துதான் கிளைக்கிறது. ஆனால் ‘கையாள்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் எடுபிடி என்று ஆகிவிடும், அதனால் அந்த வழி அடைபட்டது. மேலாளர் என்பது மேல் + ஆளர். மேலே இருந்து ஆள்பவர். அலுவலகத்துக்கு அருமையான சொல், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை கால்பந்தில்தான். இங்கிலாந்தில் தொடக்க காலத்தில் கிளப் இயக்குநர்கள் கமிட்டியாக உட்கார்ந்து அணியைத் தேர்வு செய்தார்கள். மேனேஜர் என்று இருந்தவர் பெரும்பாலும் கணக்கு வழக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கும் செயலாளர்தான். அதாவது அந்தக் காலத்து ஆளை மேலாளர் என்று சொல்லியிருந்தால் பொருந்தியிருக்கும். 1925இல் ஆர்சனலுக்கு வந்த ஹெர்பர்ட் சாப்மன் போன்றவர்கள்தான் அந்தப் பதவியின் உள்ளடக்கத்தையே மாற்றினார்கள். யார் ஆடுவது, எப்படி ஆடுவது, யாரை வாங்குவது, யாரை விற்பது, எல்லாம் ஒரே ஆளின் கையில் வந்தது. இங்கிலாந்து தேசிய அணிக்கு அந்த நிலை வர 1963 ஆனது. அணியை நானே தேர்வு செய்வேன் என்ற நிபந்தனையோடுதான் ஆல்ஃப் ராம்சி பொறுப்பேற்றார். 1986 முதல் 2013 வரை யுனைடெட்டில் இருந்த அலெக்ஸ் பெர்குசன் இந்த முறையின் உச்சம்.

இப்போது மேலாளருக்கு வருவோம். நம் ஊரில் மேலாளர் எங்கே இருக்கிறார்? வங்கியில் கிளை மேலாளர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் கிளை மேலாளர், தலைமையகத்தில் பொது மேலாளர். ஜவுளிக்கடையில் கூட மேலாளர் உண்டு. இவர்கள் எல்லோரும் நிர்வாகத்தின் ஆட்கள். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில், முதலாளி பக்கமாக நிற்பவர்கள். கால்பந்து மேனேஜர் நிற்பது வீரர்கள் பக்கம், பயிற்சி மைதானத்தின் சகதியில். மழையில் நனைந்துகொண்டு கோட்டோரம் கத்துகிறவரை மேலாளர் என்று எழுதும்போது கண்முன் வருவது கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும்.

இரண்டாவது சிக்கல் கிரிக்கெட். இந்திய அணியோடு பயணம் போகும் ‘அணி மேலாளர்’ வேறு ஆள். விடுதி, விமானம், அனுமதிச் சீட்டு, வாரியத்துக்கு அறிக்கை, இவைதான் அவருடைய வேலை. ஆட்டத்தைப் பற்றி முடிவெடுப்பவர் தலைமைப் பயிற்சியாளர், 2024 ஜூலையிலிருந்து கௌதம் கம்பீர். தமிழ் விளையாட்டு வாசகர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட் வழியாக வந்தவர்கள். அவர்கள் மனதில் ‘அணி மேலாளர்’ என்ற இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதே நாற்காலியில் பெர்குசனையும் உட்கார வைத்தால் இருவரில் ஒருவர் கீழே விழத்தான் வேண்டும்.

மூன்றாவது சிக்கலை ரசிகர்கள்தான் அதிகம் அனுபவிக்கிறார்கள். ஒருவர் நீக்கப்பட்டால் உடனே எழும் வாதம், தப்பு அவர்மேலா நிர்வாகத்தின்மேலா என்பதுதான். மேலாளர் என்று எழுதியதுமே அவரும் நிர்வாகத்தில் ஒருவர் ஆகிவிடுகிறார். “மேலாளரை மேலாண்மைக் குழு நீக்கியது” என்ற வாக்கியத்தை நான் அச்சில் பார்த்திருக்கிறேன். யார் யாரை நீக்கினார்கள்?

சரி, எல்லோரையும் பயிற்சியாளர் என்று சொல்லிவிட்டால் போகிறது என்பார்கள் சிலர். ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அது பொருந்தும், அங்கே அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தியன் சூப்பர் லீக்கிலும் பதவியின் பெயர் தலைமைப் பயிற்சியாளர்தான். சென்னையின் எஃப்சியை அப்படி எழுதுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. இங்கிலாந்துச் செய்திக்குத்தான் அது போதாது, ஏனென்றால் அங்கே இந்த இரண்டு பெயருக்கும் இடையில்தான் இன்றைய அதிகாரப் போட்டியே நடக்கிறது. மிக்கேல் ஆர்டேட்டாவை ஆர்சனல் 2019 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது, 2020 செப்டம்பரில் மேனேஜர் ஆக்கியது. ஆள் அதேதான், அதிகாரம் கூடியது. லிவர்பூலில் யூர்கன் குளோப் மேனேஜர், 2024இல் அவருக்குப் பின் வந்த ஆர்னே ஸ்லாட் தலைமைப் பயிற்சியாளர். யுனைடெட்டில் எரிக் டென் ஹாக் மேனேஜர், அடுத்து வந்த அமோரிம் தலைமைப் பயிற்சியாளர். யாரை வாங்குவது என்பது அவர்கள் கையிலிருந்து கால்பந்து இயக்குநர் கைக்கும் உரிமையாளர்கள் கைக்கும் போய்விட்டது. அமோரிமின் கோபத்துக்கு அர்த்தம் இதுதான். இரண்டையும் பயிற்சியாளர் என்று ஒரே சாக்கில் கட்டினால் அவர் சொன்னதை மொழிபெயர்க்கவே முடியாது.

இலங்கைத் தமிழில் முகாமையாளர் என்பார்கள். அங்கே அது நெடுநாள் வழக்கு, அவர்களுக்கு அது தெளிவாகத்தான் இருக்கிறது. இங்கே தூய தமிழ் வேண்டும் என்று சிலர் அதை இறக்குமதி செய்யப் பார்க்கிறார்கள். தமிழகத்து வாசகருக்கு அது முகாம் போடுபவர் என்று கேட்கும். அதோடு, அலுவலகத்துக்கும் அணிக்கும் ஒரே சொல் என்ற கோளாறு அதிலும் அப்படியே இருக்கிறது. தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் சொல் தூய்மையாக இருந்து பொருள் கலங்கிப்போவதைவிட, மேனேஜர் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம்.

தமிழில் நல்ல சொல் இல்லாமல் இல்லை. ‘அணிப் பொறுப்பாளர்’. நம் அரசியலில் ஊறிய சொல் இது. தேர்தல் பொறுப்பாளர் என்றால் யார்? ஆளைப் பிரித்து விடுவார், களத்தில் நிற்பார், வியூகம் வகுப்பார், தொகுதி கையை விட்டுப் போனால் முதலில் அவர் தலைதான் உருளும். பதவிக்குரிய அதிகாரமும் பழியும் ஒரே சொல்லில் இருக்கிறது. தோற்றால் ரசிகன் கேட்கும் முதல் கேள்வியே “இதுக்கு யாரு பொறுப்பு?” என்பதுதானே. அந்தக் கேள்விக்குள்ளேயே பதவியின் பெயர் இருக்கிறது. அமோரிமின் வாக்கியத்தைப் போட்டுப் பாருங்கள்: “நான் வந்தது அணிப் பொறுப்பாளராக, வெறும் பயிற்சியாளராக அல்ல.” டீக்கடைப் பெரியவருக்கும் புரியும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். அலுவலகங்களில் ‘மேலாளர் (பொறுப்பு)’ என்று போட்டால், நிரந்தரமாக ஆள் வரும்வரை பார்த்துக்கொள்பவர் என்று பொருள். அதனால் பொறுப்பாளர் என்றால் தற்காலிக ஆள் என்று நினைத்துவிட மாட்டார்களா? பதவிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ‘பொறுப்பு’ வேறு, பதவியாகவே நிற்கும் ‘பொறுப்பாளர்’ வேறு. ஒரு மாவட்டப் பொறுப்பாளரைப் பார்த்து நீங்கள் தற்காலிகமா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையிலேயே தற்காலிகமாக வருபவருக்கு ‘இடைக்காலப் பொறுப்பாளர்’ என்று தெளிவாகச் சொல்லலாம். அமோரிம் போனதும் டேரன் பிளெட்சர் அப்படித்தான் வந்தார். அவரை ஒருவர் ‘பராமரிப்பு மேலாளர்’ என்று எழுதியிருந்தார். லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் போடும் ஆளையல்லவா அப்படிச் சொல்லுவோம்?

பணிநீக்கத்துக்கும் இதே கதி. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் குற்றச்சாட்டு, விளக்கக் கடிதம், விசாரணை எல்லாம் வரிசையாக நிற்கும். கால்பந்தில் நடப்பது ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்து, பெரும்பாலும் பணமும் கொடுத்து அனுப்புவது. 2024 ஜூலையில் டென் ஹாகுக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அக்டோபரில் அனுப்பினார்கள். அவருக்கும் அவரோடு போனவர்களுக்குமாக ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. குற்றம் செய்தவருக்கு இப்படிக் கொடுப்பார்களா? லெஸ்டருக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த கிளாடியோ ரனியேரி ஒன்பது மாதத்தில் போனார். 2025 தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜனம் நெருக்கியடித்துத் துணி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் செல்சியிடம் 0-3 என்று தோற்றது. கடைசி விசில் ஊதி 18 நிமிடத்தில் ஆஞ்ச் போஸ்டகோக்லு நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மொத்தம் 39 நாள். இதில் என்ன விசாரணை, என்ன பணிநீக்கம்? நம் கட்சி அறிவிப்புகளில் “பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்” என்று வருமே, அதுதான் இது. பொறுப்பாளர் என்று வைத்தால் விடுவிப்பும் தானாகப் பொருந்தி வருகிறது. தலைப்பில் விறுவிறுப்பு வேண்டும் என்றால் ‘கல்தா’ இருக்கிறது, ‘சீட்டுக் கிழிந்தது’ இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். ஆட்டத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள். கோல் வாங்காமல் முடித்த ஆட்டத்தைச் ‘சுத்தமான தாள்’ என்கிறார்கள். வீரர்களை வாங்கி விற்கும் காலத்தைப் ‘பரிமாற்றச் சாளரம்’ என்கிறார்கள். எந்தத் தமிழ்ப் பையன் சாளரம் மூடுவதற்குள் ஆள் எடுக்கணும் என்று பேசுகிறான்? மைதானத்தில் அரை மணி நேரம் காது கொடுத்தால் பாதிப் பிழை எழுதும்முன்பே விலகிவிடும்.

உரிமையாளர் என்ற சொல்லையும் பார்த்து எழுதுங்கள். சிலர் முதலாளி என்று எழுதுகிறார்கள். முதல் போட்டு ஆள்பவர் முதலாளி. 2005இல் யுனைடெட்டை வாங்கிய கிளேசர் குடும்பம் பெரும்பகுதிப் பணத்தைக் கடனாகத் திரட்டி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. இருபது வருடமாக ரசிகர்கள் எதிர்ப்புக் காட்டுவதற்கும், 2010இலிருந்து பச்சையும் மஞ்சளுமாகத் துண்டு போடுவதற்கும் காரணமே அதுதான். 2024 பிப்ரவரியில் ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்குச் சற்று மேல் பங்கை வாங்கி, கால்பந்து முடிவுகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டியதும் அவரை அனுப்பியதும், அமோரிமை எடுத்ததும் அனுப்பியதும் அதற்குப் பிறகு நடந்தவைதான். இவரைப் பங்கு உரிமையாளர் என்று எழுதலாம். கிளேசர் குடும்பத்தை உரிமையாளர்கள் என்று எழுதலாம், ரேஸ்கோர்ஸ் பையன்கள் மாதிரி ஓனர் என்றும் எழுதலாம். முதலாளி என்று மட்டும் வேண்டாம்.