பெயில் அவுட்: பிணையா, மீட்பா?

திவாலாகப் போகும் வங்கிக்கு அரசு பொதுப்பணத்தைப் போட்டுத் தூக்கி நிறுத்துவதை ஆங்கிலத்தில் ‘பெயில் அவுட்’ என்கிறார்கள். நம் செய்திகளில் இது ‘பிணையெடுப்பு’ என்றோ ‘மீட்பு நிதி’ என்றோ வரும்.

‘பெயில்’ என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று நீதிமன்ற ஜாமீன். இன்னொன்று, ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது. இது வாளியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் மூலம், சுமை தூக்குபவரைக் குறித்த லத்தீன் சொல். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதையும் இதே சொல்லால்தான் சொல்வார்கள். சில வங்கித் தலைவர்கள் விலகிய விதத்தைப் பார்த்தால் இந்தப் பொருள்தான் கச்சிதம்.

தமிழில் ஜாமீன் பொருளையே எடுத்துக்கொண்டு ‘பிணையெடுப்பு’ என்றார்கள். பிணை நிற்பதென்றால், ‘அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்’ என்று பொறுப்பேற்பது. அந்தக் கணக்கில் இந்தச் சொல் அப்படியே பொருந்துவது அயர்லாந்துக்கு. 2008 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டு அரசு, ஆறு வங்கிகளின் வைப்புகளுக்கும் பெரும்பாலான கடன்பத்திரங்களுக்கும் தானே உத்தரவாதம் என்று அறிவித்தது. பொறுப்பேற்ற தொகை நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரு மடங்குக்கும் மேல். ரியல் எஸ்டேட் கடன்கள் வரிசையாக மூழ்கின. வங்கிகளுக்குள் கடைசியில் சுமார் 6,400 கோடி யூரோ அரசுப் பணம் போனது. 2010 நவம்பரில் அயர்லாந்தே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் (ஐ.எம்.எஃப்.) கைநீட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் வரி உயர்வு, சம்பள வெட்டு எல்லாம் வந்தன. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கு ஜப்தி வந்த கதைதான்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலர் வரை செலவிட நாடாளுமன்றம் அனுமதித்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு அரசு வங்கிகளின் பங்குகளை வாங்கியது. இது பிணை இல்லை, நேரடி முதலீடு. அதற்கு முந்தைய மாதம் ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்துக்கு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. மறு மார்ச்சில் அதே நிறுவனம் சுமார் 16.5 கோடி டாலரை ஊழியர்களுக்குப் போனஸாகக் கொடுக்க, மக்கள் கொதித்துப் போனார்கள்.

வங்கிகளில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பிவிட்டதே என்பார்கள். சரி, திரும்பியது உண்மைதான். ஆனால் தனியார் யாரும் அந்த விலைக்கு ஏற்க முன்வராத ஆபத்தைப் பொதுமக்கள் ஏற்றார்கள். அதற்குரிய விலை அந்த லாபக் கணக்கில் இல்லை. இதைவிடப் பெரிய கேடு, விழுந்தால் அரசு தூக்கிவிடும் என்ற நம்பிக்கை. பெரிய வங்கிக்குக் கடன் கொடுப்பவர் அதை நம்பிக் குறைந்த வட்டிக்கே கொடுக்கிறார். அந்த மலிவுப் பணத்தில் வங்கி இன்னும் பெருக்கிறது, இன்னும் துணிந்து விளையாடுகிறது. கவனமாக நடக்கும் சின்ன வங்கிக்கு இந்தச் சலுகை கிடையாது. இதற்குப் பொருளியலில் உள்ள சொல்லை ‘அறநெறி இடர்’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘காப்பார் உண்டென்ற துணிச்சல்’ என்றால் புரியும்.

உத்தரவாதம் மட்டும் தரும்போது ‘பிணையெடுப்பு’ சரி. பணமே போடும்போது ‘பொதுப்பண மீட்பு’ என்பேன். வெறும் ‘மீட்பு’ என்றால் தீயணைப்பு வீரர்தான் நினைவுக்கு வருவார். பணம் யாருடையது என்பது மறைந்துவிடும்.

இதற்கு எதிர்ச்சொல்லும் உண்டு: ‘பெயில் இன்’. வங்கியின் பங்குதாரர், கடன் கொடுத்தவர், பெரிய வைப்பாளர் ஆகியோர் தலையிலேயே நட்டத்தைக் கட்டுவது. ‘உள்மீட்பு’ எனலாம். 2013இல் சைப்ரஸ் இதைச் செய்தது. அங்கே பேங்க் ஆஃப் சைப்ரஸில் 1,00,000 யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு, அந்த வரம்பைத் தாண்டிய பணத்தில் 47.5 சதவீதம் அவர்களைக் கேட்காமலேயே வங்கிப் பங்குகளாக மாற்றப்பட்டது.