கரெக்‌ஷன்ஸ் டெபுடி: ‘சீர்திருத்தத் துணை அலுவலர்’ அல்ல, சிறைக்காவலர்

போன வாரம் அமெரிக்கச் சிறை ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு நேரக் காட்சி. சீருடை போட்ட ஒருவர் வரிசையாக இருக்கும் அறைக்கதவுகளின் முன் ஒவ்வொன்றாக நிற்கிறார். கதவிலுள்ள சின்னக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறார். படுத்திருப்பவரின் போர்வை மூச்சுக்கு மேலும் கீழும் அசைகிறதா என்று கவனிக்கிறார், நேரத்தைக் குறித்துக்கொள்கிறார், அடுத்த கதவுக்குப் போகிறார். திரையின் அடியில் அவருடைய பதவி வந்தது: ‘சீர்திருத்தத் துணை அலுவலர்’. பக்கத்தில் இருந்த அம்மா, “இவர் அங்க பாடம் நடத்துறவரா?” என்று கேட்டார்.

அம்மா கேட்டதில் தவறே இல்லை. அந்தத் தமிழைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இதே பதவியைச் செய்திகளில் ‘திருத்தத் துணை’ என்றும், ‘திருத்தங்கள் துணைவர்’ என்றும் பார்த்திருக்கிறேன். பொறுத்தது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் அந்தப் பதவியின் பெயர் ‘கரெக்‌ஷன்ஸ் டெபுடி’. கவுண்டி என்பது அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவு, அதன் காவல் தலைவர் ஷெரிப். அந்த ஷெரிப்பின் கீழ் கவுண்டி சிறையில் காவல் பார்ப்பவர்தான் இவர். முதலில் சொற்பிறப்பு. ‘ஷெரிப்’ பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல். ‘ஷயர்’ என்றால் நாட்டின் ஒரு பிரிவு, ‘ரீவ்’ என்றால் அதை மன்னருக்காகப் பார்த்துக்கொண்ட அதிகாரி. ‘டெபுடி’ இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தன் சார்பில் செயல்பட ஒருவரை நியமிப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. ‘கரெக்‌ஷன்’ என்பதன் இலத்தீன் வேருக்கு ‘நேராக்குதல்’ என்று பொருள். சரி, நேராக்குவதற்கும் சிறைக்கும் என்ன தொடர்பு? 1870இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கூடிய சிறைச் சீர்திருத்தக்காரர்கள் தேசியச் சிறைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது 1954இல் தன் பெயரிலிருந்து ‘சிறை’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘கரெக்‌ஷனல்’ என்பதை வைத்தது. அதைத் தொடர்ந்து மாநிலத் துறைகள், கவுண்டி அலுவலகங்கள், பதவிப் பெயர்கள் என்று அந்தச் சொல் பரவியது. அது ஒரு லட்சியத்தின் பெயர், வேலையின் பெயர் அல்ல. மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் பெயர்க்க வேண்டியது லட்சியத்தையா, ஆளையா?

‘துணை’யை முதலில் முடித்துவிடலாம். துணை முதல்வர், துணை ஆட்சியர் என்று கேட்டுப் பழகிய காதுக்குத் ‘துணை’ என்றால் பெரிய பதவி. ஷெரிப் அலுவலகத்தில் டெபுடி என்பவர் அடிப்படை நிலைச் சீருடைப் பணியாளர். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஒரே ஒரு ஷெரிப்பின் கீழ் பல ஆயிரம் டெபுடிகள் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களை அங்கே பெரும்பாலும் முதலில் சிறைப் பணியில்தான் போடுவார்கள். பல அலுவலகங்களில் ஷெரிப்புக்கு அடுத்த இடத்தில் இருப்பவருக்கு அண்டர்ஷெரிப் என்று தனிப் பெயரே உண்டு. ‘துணை ஷெரிப்’ என்று தமிழில் எழுத வேண்டுமானால் அவரைத்தான் எழுத வேண்டும். டெபுடியைக் காவலர் என்றால் போதும்.

இப்போது சீர்திருத்தம். இதை ஆதரிப்பவர்களின் வாதம் எனக்குத் தெரியும். சிறையில் இருப்பவரையும் மனிதராக மதிக்கும் சொல், தண்டிக்காமல் நல்வழிப்படுத்தும் நோக்கத்தைக் காட்டும் சொல் என்பார்கள். நோக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் கவுண்டி சிறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ‘ஜெயில்’ வேறு, ‘பிரிசன்’ வேறு. பிரிசனை மாநிலமோ மத்திய அரசோ நடத்தும். நீண்ட தண்டனை பெற்றவர்கள் அங்கே போவார்கள். ஜெயில் பெரும்பாலும் ஷெரிப்பின் பொறுப்பு. நேற்று இரவு கைதானவர், ஜாமீன் தொகை கட்ட முடியாதவர், வழக்கு முடியக் காத்திருப்பவர், பொதுவாக ஓராண்டுக்குள் தண்டனை பெற்றவர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். (கலிபோர்னியாவில் 2011க்குப் பிறகு நீண்ட தண்டனைக்காரர்கள் சிலரும் கவுண்டி சிறைக்கு வருகிறார்கள்.) நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஜெயிலில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். தவறு செய்தாரா என்பதே முடிவாகாத ஒருவரை எதிலிருந்து சீர்திருத்துவது? ஆங்கிலத்தில் ‘கரெக்‌ஷன்ஸ்’ தேய்ந்துபோன நிர்வாகச் சொல். யாரும் அதன் பொருளை நினைப்பதில்லை. தமிழில் சீர்திருத்தம் இன்னும் உயிரோடு இருக்கும் சொல். சமூகச் சீர்திருத்தம், நிலச் சீர்திருத்தம், சீர்திருத்தப் பள்ளி என்று அது எங்கே நின்றாலும் ‘இங்கே ஒரு கோணல் இருக்கிறது’ என்று சொல்லிவிடும். மரியாதைக்காகச் சேர்த்த சொல், விசாரணைக் கைதியின் நெற்றியில் குற்றத்தை எழுதிவிடுகிறது.

வெறும் ‘திருத்தம்’ இன்னும் மோசம். விடைத்தாள் திருத்துகிறோம், வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம், காடு திருத்திக் கழனியாக்குகிறோம். ‘திருத்த அலுவலர்’ என்றால் ஆதார் அட்டையில் பிறந்த தேதியை மாற்றித் தருபவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தமிழ்நாட்டுத் துறைக்கே ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’ என்றுதானே பெயர் என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். ஆனால் அதே துறைக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆளெடுக்கும்போது அறிவிப்பில் என்ன போடுகிறார்கள்? ‘இரண்டாம் நிலை சிறைக்காவலர்’. துறைப் பெயரில் லட்சியம் இருக்கட்டும். சாவி வைத்திருப்பவரைச் சிறைக்காவலர் என்றே அழைக்கிறார்கள். மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. அங்கே மன்னன் சிறையில் இருந்தவர்களை விடுவித்து, அந்த இடத்தையே அறச்சாலையாக மாற்றிய பிறகுதான் பெயர் மாறுகிறது. கதவும் பூட்டும் அப்படியே இருக்கும்போது பெயரை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிறைக்காவலர் என்ற சொல்லை நான் வழக்கத்துக்காக மட்டும் கேட்கவில்லை, அதன் இரண்டு பாதியும் சரியாக இருக்கின்றன. தொல்காப்பியம் ‘வருவிசைப் புனலைக் கற்சிறை போல’ என்கிறது. விரைந்து வரும் வெள்ளத்தைத் தடுக்கும் கல்லணைதான் கற்சிறை. ஆக, சிறை என்றால் தடுத்து நிறுத்துவது. உள்ளே இருப்பவர் குற்றவாளியா இல்லையா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘காவல்’ என்பதில் தப்பவிடாமல் பார்ப்பதும் தீங்கு வராமல் காப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. கண்ணை இமை காப்பதும் காவல்தான். கலிபோர்னியாச் சிறை விதிப்படி, மணிக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு கைதியையும் நேரில் கண்ணால் பார்க்க வேண்டும். கவுண்டி சிறைகளில் நேரும் சாவுகளில் தற்கொலை ஒரு பெரிய காரணம். அதனால்தான் அந்த டார்ச், அந்தப் போர்வை. கைதானவரைப் பதிவு செய்வது, அவருடைய பொருள்களை எழுதி வாங்குவது, உடல்நலக் கேள்விகள் கேட்பது, தலை எண்ணுவது, சாப்பாடு கொடுக்க வைப்பது, நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவது எல்லாமே காவல்தான். கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் நகரில் 1981இல் திறந்த கவுண்டி சிறையில் காவலரைக் கம்பிக்கு வெளியே நிறுத்தாமல் கைதிகள் இருக்கும் கூடத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். அந்த முறை பிறகு பல ஊர்களுக்குப் போனது. அங்கேயும் சிறைக்காவலர் என்ற சொல் பொருந்தும்.

‘வார்டன்’ என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மூர் வார்டர் கடைநிலைக் காவலர். அமெரிக்க வார்டன் சிறைக்கே தலைவர். இரண்டையும் குழப்பினால் கதையே மாறிவிடும்.

கவுண்டி, ஷெரிப் என்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மாவட்டம் என்றால் ஆட்சியர் நினைவுக்கு வருவார். கவுண்டியில் அப்படி ஒருவர் இல்லை. ஷெரிப்பைப் பெரும்பாலான மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் ‘காவல் கண்காணிப்பாளர்’ ஒட்டாது. சாலையில் ரோந்து போகிறவரை ஷெரிப் காவலர் என்றும், சிறையில் இருப்பவரைக் கவுண்டி சிறைக்காவலர் என்றும் எழுதினால் வேறுபாடு தெளிவாகிவிடும். கைதிகளைப் பிரித்துச் சொல்ல விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி இருக்கின்றன. வழக்கு முடியும்வரை காவலில் வைப்பதற்கு ஈழத்தார் வைத்திருக்கும் ‘விளக்கமறியல்’ எவ்வளவு அழகான சொல்! அதை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. இன்று சப்டைட்டில் எழுதுபவர்களில் பலர் படத்தைப் பார்க்காமல் வரியை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறார்கள். அவர்களிடம் வருவது தாள் மட்டும்தான், கூலியும் குறைவு என்பது தெரியும். ஆனாலும் அந்த ஆள் கையில் என்ன வைத்திருக்கிறார், எங்கே நிற்கிறார் என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டால் அகராதியே வேண்டாம். அந்தக் காட்சியை என்னிடம் கொடுத்தால் ‘சிறைக்காவலர், இரவுப் பணி’ என்று எழுதுவேன். அவர் அடுத்த கதவுக்குப் போவதற்குள் அம்மா அதைப் படித்து முடித்துவிடுவார்.