ஹம்மாம் – வேதுக்கூடம்

சென்னையில் ‘ஹமாம்’ என்று கேட்டால் மளிகைக் கடைக்காரர் சோப்பை எடுத்து நீட்டுவார். உண்மையில் அது, சூடேற்றிய அறைகளில் வியர்த்துக் குளிப்பதற்கான ஒரு பொதுக் கட்டடத்தின் பெயர். சூட்டைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த ‘ஹம்மாம்’, பாரசீகம், துருக்கி, உருது என்று பல மொழிகளுக்கும் பரவியது.

தமிழில் இதைப் ‘பொதுக் குளியலறை’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பஸ் நிலையத்துக் கட்டணக் குளியலறைதான் நினைவுக்கு வருகிறது. ‘நீராட்டு மண்டபம்’ அழகான சொல். ஆனால் அது நம்மைக் குளத்துக்கு அழைத்துப்போய்விடுகிறது. ஹம்மாமில் பெரும்பாலும் குளமே கிடையாது.

இஸ்தான்புல்லில் கட்டடக் கலைஞர் சினான் வடிவமைத்த செம்பர்லிதாஷ் ஹம்மாம் 1584இல் எழுந்தது. இத்தகைய கட்டடத்தில் முதலில் உடை மாற்றும் கூடம், அடுத்து இளஞ்சூட்டு அறை, கடைசியில் கடுஞ்சூட்டு அறை. உடல் படிப்படியாக வெப்பத்துக்குப் பழகட்டும் என்று ரோமானியர் வகுத்த வரிசை இது. வெளியே உலை எரியும். அதன் அனல், குட்டைத் தூண்கள் தாங்கும் தரைக்கு அடியில் பாய்ந்து, சுவருக்குள் பதித்த குழாய்கள் வழியே மேலேறி வெளியேறும். சூடேறிய பளிங்கு மேடை நடுவில் இருக்கும். துருக்கியர் அதைக் கொப்பூழ்க் கல் என்கிறார்கள். அதில் படுத்து வியர்த்தபின் அழுக்குத் தேய்த்துவிடுவார்கள். தண்ணீர் சுவரோரத் தொட்டிகளில் விழும். மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். குவிமாடத்தில் பதித்த கண்ணாடிகள் வழியே வெளிச்சம் இறங்கும். சன்னல் வைத்தால் சூடு தங்காது.

ஆக, கட்டடம் முழுவதும் வெப்பத்துக்காகவே அமைந்தது. சளி பிடித்தால் நொச்சி இலை போட்டு ‘வேது பிடி’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த ‘வேது’ வெப்பத்தையும் ஆவியையும் சேர்த்தே குறிக்கும். வெதும்பு, வெதுவெதுப்பு எல்லாம் அதன் உறவுகள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வேதுவும் ஒன்று. உடலைப் பிடித்துவிடும் தொக்கணமும் அதே பட்டியலில் இருக்கிறது. இவ்வளவு பொருத்தமான சொல் கைவசம் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம்: ஹம்மாம் என்பது வேதுக்கூடம்.

‘நீராவிக் குளியல்’ உடற்பயிற்சிக் கூடத்து ஆவிப் பெட்டிக்குப் போதும். நடுமேடையை ‘வேதுக்கல்’ எனலாம். ‘நடுக்கல்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. வீரனுக்கு நட்ட நடுகல்லோடு குழம்பிவிடும்.