அசிங்க்ரனஸ்: ஒத்தியங்கா அழைப்பு

கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன்; 'க்ரோனோஸ்' என்றால் காலம்; முன்னால் நிற்கும் 'அ' எதிர்மறை. காலத்தால் ஒன்றோடொன்று சேர்ந்து நடக்காதது அசிங்க்ரனஸ். தமிழில் 'ஒத்தியங்கா' என்பது பொருத்தமான சொல். 'ஒத்திசைவற்ற' என்றும் எழுதுகிறார்கள். அது முரண்பாடு என்ற பொருளுக்கு இழுத்துவிடும். சேலத்துப் பயிற்சி வகுப்புகளில் பேச்சுக்கு 'அசிங்க்' போதும், எழுத்துக்கு ஒத்தியங்காவே மேல்.

வலைச் செயலியில் இதன் பொருள்: சர்வருக்குக் கோரிக்கையை அனுப்பிய நிரல், பதிலுக்கு நிற்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். பதில் வந்ததும் அதற்கென விட்டுவைத்த செயற்கூறு (ஃபங்ஷன்) ஓடும். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையாக, ஓடுவதால், காத்து நின்றால் பட்டனும் உருட்டலும் உறைந்துவிடும். இதனால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு. சர்வருக்கு 3 நொடி ஆகுமென்றால் 3 நொடிதான்.

1999இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியிலேயே இதற்கு வழி இருந்தது. இந்த முறைக்கு 'ஏஜாக்ஸ்' என்று அமெரிக்க வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் பெயர் வைத்தது 2005இல். ஜாவாஸ்கிரிப்டில், பின்னால் வரப்போகும் பதிலுக்கு இடம் பிடித்து வைக்கும் 'பிராமிஸ்' 2015இலும், அந்தப் பதிலுக்குக் காத்திருப்பதை எளிதாக எழுத உதவும் 'அசிங்க்', 'அவெய்ட்' சொற்கள் 2017இலும் சேர்ந்தன. 'அவெய்ட்' எழுதினால் அந்தச் செயற்கூறு மட்டுமே நிற்கும், பக்கம் நிற்காது.

சிக்கல் வருவது பதிலின் வரிசையில். ஏற்காட்டில் அறை பதிவு செய்யும் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பயணி 14ஆம் தேதியைத் தொட்டு, உடனே 15க்கு மாற்றுகிறார். 15க்கான பதில் முதலில் வந்து, 14க்கான பதில் பின்னால் வந்தால், திரையில் 15 என்று காட்டி 14இன் காலி அறைகள் நிற்கும். உள்ளூர் கணினியில் சோதிக்கும்போது இது பெரும்பாலும் தலைகாட்டாது. புதுக் கோரிக்கை கிளம்பும்போது பழையதை, உலாவியில் அதற்கென உள்ள 'அபார்ட் கன்ட்ரோலர்' கொண்டு ரத்து செய்யுங்கள். அல்லது கோரிக்கைக்கு எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கான பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோரிக்கை அனுப்ப உலாவி தரும் 'ஃபெட்ச்' செயற்கூறு இன்னொரு பொறி. சர்வர் 404 (பக்கம் இல்லை), 500 (சர்வரில் பிழை) என்று திருப்பினாலும் அது பிழையாக விழாது. நெட்வொர்க் அறுவது, கோரிக்கை ரத்தாவது போன்றவற்றில்தான் விழும். கோரிக்கை வெற்றியா என்று சொல்லும், பதிலின் 'ஓகே' பண்பைப் பார்க்காமல் தரவைப் பிரிக்கக்கூடாது. நிரலாளர் கேட்கிற காலவரம்பும் அதில் தானாக வராது, ரத்துச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் 'அபார்ட் சிக்னல்' வழியாக நாம்தான் 8 நொடி, 10 நொடி என்று வைக்கவேண்டும்.

ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் செல்பேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும் நேரத்தில் காலவரம்பு தாண்டினால் மறுபடி அனுப்பலாமா? தகவல் கேட்கும் கோரிக்கை என்றால் தாராளமாக. பதிவுக் கோரிக்கை என்றால் கூடாது: சர்வர் அறையை ஒதுக்கி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம், மறுபடி அனுப்பினால் இரண்டு அறை, இரண்டு கட்டணம். பட்டனை முடக்குவது இரட்டைத் தட்டலைத் தடுக்கும், இதைத் தடுக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் உலாவியிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்பவேண்டும். அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்.