சுக்கா, சுக்கோத்: சொல் விளக்கம்

சுக்கா என்பது எபிரேயச் சொல்; திருவிழா நாள்களில் தங்குவதற்காகக் கட்டித் தழையால் கூரையிடும் தற்காலிகக் குடிலைக் குறிப்பது. அதன் பன்மை சுக்கோத். யூத நாள்காட்டியின் திஷ்ரி மாதத்துப் பௌர்ணமியில் தொடங்கி ஏழு நாள் யூதர்கள் கொண்டாடும் திருவிழாவுக்கு இந்தப் பன்மையே பெயராகிவிட்டது. பெரும்பாலும் நமக்குப் புரட்டாசியில் வரும். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த குடும்பங்கள் சுக்கோஸ் என்று சொல்வதுண்டு. நம் ஊர்ச் சுக்கா வறுவலுக்கும் இதற்கும் உறவில்லை.

மூடுதல், மறைத்தல் என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது இந்தச் சொல். கூரையாகப் பரப்பும் தழைகளுக்கு அதே வேரிலிருந்து ஸ்காக் என்று பெயர். திரைச்சீலையைக் குறித்த மசாக் என்ற சொல்லும் அந்த வேர்தான். இன்றைய எபிரேயத்தில் கணினித் திரைக்கும் அதுவே பெயர். ஆக, சுக்காவின் உயிர் அதன் கூரையில் இருக்கிறது.

அந்தக் கூரைக்கு விதிகள் உண்டு. மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். மண்ணை விட்டு வெட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆனால் இரவில் இடுக்கு வழியே விண்மீன் தெரிவது சிறப்பு. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் வனாந்தரத்தில் இப்படிப்பட்ட குடில்களில் தங்கினார்கள் என்று விவிலியத்தின் லேவியராகமம் 23ஆம் அதிகாரம் காரணம் சொல்கிறது. அறுவடைக் காலத் திருவிழாவும் இதுவே.

தமிழ் விவிலியம் இதைக் கூடாரப்பண்டிகை என்கிறது. பழகிய பெயர்தான், ஆனாலும் எனக்கு இதில் நிறைவில்லை. கூடாரம் என்றதும் துணிதான் கண்ணில் நிற்கிறது; துணியால் கூரையிட்ட சுக்காவோ செல்லவே செல்லாது. விவிலியத்தில் வரும் யோனா தீர்க்கதரிசி தன் கையால் போட்டுக்கொண்டதும் எபிரேயத்தில் சுக்காதான். அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் குடிசை என்று எழுதினார்கள். அது இன்னும் நெருக்கமானது. பந்தல் என்று சொல்லலாமா? நிழலுக்குப் பொருந்தும், ஆனால் சுக்காவுக்கு இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு பகுதியுமாவது வேண்டும். மேலும் வேரோடு நிற்கும் திராட்சைக் கொடியையும் சுரைக்கொடியையும் மேலே படரவிட்டால் அது கூரையாகாது என்று, ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. நம் அவரைப் பந்தலும் புடலைப் பந்தலும் இந்தச் சோதனையில் தேறா. குடில் என்பதோ நம் காதில் கிறிஸ்துமஸோடு ஒட்டிக்கொண்டது.

தழை என்ற சொல்லை முன்னே சேர்த்தால் தீர்ந்துவிடுகிறது. ஆட்டுக்கு ஒடித்துப் போடுவதும் தழை. வயலில் உரத்துக்கு மிதிப்பதும் தழை. கிளையிலிருந்து பிரிந்த இலைக்கொத்து என்ற பொருள் அதில் தானாகவே இருக்கிறது. எனவே சுக்காவுக்குத் தழைக்குடில், ஸ்காக்குக்குத் தழைக்கூரை, திருவிழாவுக்குத் தழைக்குடில் திருநாள் என்பது என் பரிந்துரை.

சொல்லைவிடச் செயலால் இதை எளிதில் கற்பவர்கள் குழந்தைகள். யூதப் பள்ளிகளில் ஓர் அருமையான வழி உண்டு. சுக்கா என்ற சொல்லின் மெய்யெழுத்துகள் மூன்று. சாமேக் நாற்புறமும் மூடிய எழுத்து. காஃப் மூன்று புறம் மூடியது. ஹே இரண்டு முழுக் கோடும் மூன்றாவதில் ஒரு துண்டுமாக நிற்பது. நான்கு சுவர், மூன்று சுவர், இரண்டும் சிறிதும் என்று குடிலுக்கு ஏற்கத்தக்க மூன்று அமைப்புகளும் சொல்லுக்குள்ளேயே வரைந்திருக்கின்றன! மரக்கட்டைகளைக் கொடுத்து மூன்று எழுத்துகளையும் சுவராகக் கட்டச் சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்கும் விதி பிடிபட்டுவிடும். கட்டிவைத்த யானையைக்கூடச் சுவராகக் கொள்ளலாம் என்று மிஷ்னாவுக்கு விளக்கம் தரும் தல்மூத் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொம்மை யானை ஒன்று உடனே வந்து நிற்கும்.

காலணிப் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டுக் குச்சியும் தழையும் பரப்பி வெயிலில் வைத்தால், உள்ளே நிழல் அதிகமா வெளிச்சம் அதிகமா என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். பிஸ்கட்டைச் சுவராக்கி, பாலாடைக்கட்டியால் ஒட்டி, மேலே பிரெட்ஸல் குச்சிகளை அடுக்கித் தின்னும் குடிலும் செய்வதுண்டு. உண்மையான குடிலில் காகிதச் சங்கிலியும் நூலில் கட்டிய பழங்களும் தொங்கவிடுவது பிள்ளைகளின் வேலை. அலங்காரமாகத் தொங்கும் பழத்தைத் திருவிழா முடியும்வரை பறித்துத் தின்னக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தாயின் துணை இல்லாமல் இருக்கக்கூடிய வயது வந்த சிறுவன் குடிலில் தங்கக் கடமைப்பட்டவன் என்கிறது மிஷ்னா. மூத்தவர் என்று அழைக்கப்பட்ட யூத அறிஞர் ஷம்மாய் அதற்கும் ஒரு படி மேலே போனார். மருமகள் பிள்ளை பெற்றபோது, கட்டிலுக்கு மேலிருந்த கூரைப் பூச்சைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் தழை பரப்பினார், பிறந்த குழந்தைக்காக.

தொடர்புடைய இன்னொரு சொல் லூலாவ், அதாவது விரியாத பேரீச்சங்குருத்து. அதனோடு மிர்ட்டில், வில்லோ கிளைகளைக் கட்டி, எத்ரோக் என்ற தடித்த தோலுடைய எலுமிச்சை இனப் பழத்தையும் சேர்த்துப் பிடித்து, நான்கு திசையிலும் மேலும் கீழும் அசைப்பார்கள். அசைக்கத் தெரிந்த சிறுவனுக்கு அதுவும் கடமை. லூலாவைக் குருத்து என்றே தமிழில் எழுதலாம். எத்ரோக்கை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வோம்.