வயலுக்குள் ஏது பாடசாலை?

கறுவாத்தோட்டம் என்று பெயர்தான், கறுவாவும் இல்லை, தோட்டமும் இல்லை. ஆனால் கமத்தொழில் பற்றிய கூட்டங்கள் அநேகமாகக் கொழும்பு ஏழில், அந்தக் கறுவாத்தோட்டத்துக் குளிரூட்டிய மண்டபங்களில்தான் நடக்கும். மொழிபெயர்க்கப் போகிற எங்களுக்கு அங்கே அடிக்கடி வந்து விழும் சொல் ஒன்று உண்டு: 'ஃபார்மர் ஃபீல்ட் ஸ்கூல்'. போன மாதம் ஓர் அறிக்கையில் அதை 'விவசாயிகள் வயற் பாடசாலை' என்று எழுதிவிட்டு, மனம் கேட்காமல் கிளிநொச்சியில் வயல் செய்யும் மாமாவுக்குக் கோல் எடுத்தேன்.

"வயலுக்கை பள்ளிக்கூடமோ? ஆர் ரீச்சர்?"

"படிப்பிக்கிறதுக்கெண்டு ஒருத்தரும் இல்லை மாமா. நீங்களே ஆளுக்காள் பாத்துப் படிக்கிறது."

"அப்ப அது பள்ளிக்கூடம் இல்லையே, மருமோன்."

அவர் சொன்னது சரி. இருபது, இருபத்தைந்து கமக்காரர்கள் ஒரு போகம் முழுக்க, வாரம் ஒரு காலை ஒரே வயலில் கூடுவார்கள். ஒரு பாத்தி வழக்கமான முறையில், இன்னொன்று புதுமுறையில். ஐந்தைந்து பேராகப் பிரிந்து இறங்கி, பயிரைப் பிடித்துப் பார்த்து, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, கரைக்கு வந்து பெரிய தாளில் படம் கீறுவார்கள். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் தின்கிற பூச்சி, மறுபக்கம் அந்தப் பூச்சியைத் தின்கிற பூச்சி, மேலே வெயிலோ முகிலோ, கீழே தண்ணீர். அப்புறம் மருந்து அடிப்பதா வேண்டாமா என்று வாக்குவாதம். சந்தேகம் வந்தால் ஒரு போத்தலுக்குள் பயிரைக் கெடுக்கும் தத்திப் பூச்சியையும் சிலந்தியையும் விட்டு மூடிவைப்பார்கள். யார் யாரைத் தின்கிறது என்று அடுத்த நாள் தெரிந்துவிடும். கூட இருக்கிற அலுவலர் பதில் சொல்லக் கூடாது, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேள்வியைத் திருப்பிவிட வேண்டும். எங்கள் நாட்டில் அந்த இடத்துக்கு வருகிறவரின் பதவிப் பெயர் விவசாயப் போதனாசிரியர். போதனையும் ஆசிரியரும் சேர்ந்த பெயரை வைத்துக்கொண்டு போதிக்காமல் இருப்பது லேசான வேலையா?

இது பிறந்தது ஜாவாவில். விவசாயத் திணைக்களம் கபிலநிறத் தத்தி என்றும் தமிழ்நாட்டார் புகையான் என்றும் சொல்கிற பூச்சி இந்தோனேசிய நெல்லை அழித்துக்கொண்டிருந்தது. மருந்து அடிக்க அடிக்கத் தத்தியைத் தின்கிற சிலந்தி செத்தது, தத்தி பெருகியது. 1986இல் சுகார்த்தோ அரசு நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது. ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு முதல் வயற் பாடசாலைகள் 1989இல் தொடங்கின. 1990களில் முறை இங்கேயும் வந்தது.

இந்தோனேசியர்கள் வைத்த பெயர் 'செக்கோலா லாப்பாங்கான்'. செக்கோலா, போர்த்துக்கீசரின் 'எஸ்கோலா'. சிங்களத்தில் 'இஸ்கோலே' என்பதும் அதே சொல்தான். இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்து 'ஸ்கோலே'. அதற்கு முதற்பொருள் ஓய்வு, வேலையற்ற நேரம். லாப்பாங்கான் திறந்த வெளி. அதன் அடிச்சொல்லான லாப்பாங்குக்கு மலாயில் இன்னொரு வேலையும் உண்டு: 'மாசா லாப்பாங்' என்றால் ஓய்வு நேரம். ஆக, பெயரின் இரண்டு பாதியும் ஆறுதலாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழுக்கு வரும்போதுதான் மணி அடித்து வகுப்பு தொடங்கிவிடுகிறது.

பாடம் என்றால் எங்களுக்கு என்ன? பாடமாக்குவது, மனனம் செய்து ஒப்புவிப்பது. வயலில் ஒப்புவிக்க ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 'வயல்வெளிப் பள்ளி' என்கிறார்கள். படுக்கும் இடம் என்ற பொருளில் இருந்து, துறவிகள் தங்கும் இடமாகி, அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் கல்விக்கூடமான நல்ல பழைய சொல். ஆனால் சம்மாந்துறைப் பக்கம் போய் 'வயற் பள்ளி எங்கே?' என்று கேட்டால் வயலோரத்துப் பள்ளிவாசலைக் காட்டுவார்கள். 'களப் பாடசாலை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அலுவலகத்தில் இருப்பவருக்குக் களம் என்பது ஃபீல்ட், வயல்காரருக்கு அது சூடடிக்கிற இடம். அங்கே போய்ப் படிக்கும்போது பயிர் நிற்காது, வைக்கோல்தான் கிடக்கும்.

என் விருப்பம் 'வயற்கூடம்'. பள்ளிக்கூடத்தில் பள்ளியை எடுத்துவிட்டு வயலை வைத்தால் போதும். தொழிற்கூடம், ஆய்வுகூடம் எல்லாம் நாம் அன்றாடம் சொல்பவை, கையால் செய்து பார்க்கிற இடங்கள். ஆள் யார் என்றும் சொல்ல வேண்டுமானால் கமக்காரர் வயற்கூடம்.

இப்போது இந்தக் கூடத்துக்குக் காலநிலையும் வந்துவிட்டது. 2003இல் ஜாவாவின் இந்திரமாயுவில் 'காலநிலை வயற் பாடசாலை' தொடங்கினார்கள். பிறகு அதே ஊரில் மானிடவியலாளர் யுனித்தா வினார்த்தோவும் வேளாண் வானிலை அறிஞர் கீஸ் ஸ்டிக்டரும் ஸ்கூல் என்ற பேச்சையே விட்டு, 'வாருங்' என்று பெயர் வைத்தார்கள். வாருங் என்றால் தெருவோரச் சின்னக் கடை. தினமும் தங்கள் வயலில் மழையை அளந்து எழுதுகிற கமக்காரர்கள் அங்கே கூடி ஒப்பிட்டுப் பேசுவார்கள். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடை மாதிரி. மொழிபெயர்ப்பாளராக எனக்குப் பொறாமை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் குழாய்க் கதையைத் தொடங்கினார். பக்கத்து வயல்காரர் ஓட்டை போட்ட ஒரு துண்டு பிவிசி குழாயை வயலில் இறக்கியிருக்கிறார். நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. உள்ளே எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 சென்றிமீற்றர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டாம், பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக் கூடாது. எந்நேரமும் தண்ணீர் நின்றால் சேற்றுக்குக் காற்றுப் போகாது, காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேன் விடும், அது பூமியைச் சூடாக்கும். மாமாவுக்கு மெதேனைப் பற்றிக் கவலை இல்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் மிஞ்சுகிறது, அது போதும் அவருக்கு. இரண்டு கிழமை வரம்பில் நின்று பார்த்துவிட்டு அவரும் ஒரு குழாய் இறக்கினார், இப்போது நாலு பேர் இறக்கியிருக்கிறார்களாம்.

"இதுக்கு நீங்கள் என்ன பேர் சொல்லுறது?"

"பேரோ? 'குழாய் பாக்கப் போறன்' எண்டு சொல்லுவம்."

'வயற்கூடம்' என்று திருத்தி அனுப்பினேன். அறிக்கை அச்சாகி வந்தது. அட்டையிலேயே, தடித்த எழுத்தில், 'விவசாயிகள் வயற் பாடசாலை'.